புயற்காலமும் அணு எரிபொருட் பேழைகளும்

அணுவைப் பிளந்து அதன் உள்ளுறை ஆற்றலை மின்சாரமாக மாற்றும் வல்லமை பெற்றுவிட்ட மனிதன், ஒரு பேழையைச் சில நூறு யார் தூரம் நகர்த்துவதற்கு இன்றும் வானத்தை நோக்கி நிற்கின்றான். மேற்றிசையில் இடிமுகில் திரளும் என்று வானிலை நிலையம் அறிவித்தால், அன்றைய வேலை தொடங்கப்படுவதில்லை. பேழையின் எடையோ நூறு தொன்னுக்கு மேற்பட்டது. அதனுள்ளிருப்பது அணு உலையில் எரிந்து கழிந்த எரிபொருள். இத்துணைப் பாரமான பொருளைக் கையாள்வோர் காற்றுக்கு அஞ்சிக் காத்திருப்பானேன் என்ற வினா எவர்க்கும் எழும். அதற்கு விடை, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் எழுபது ஆண்டுகளாகச் சிறிது சிறிதாக எழுதப்பட்டுவந்த ஒரு வரலாற்றில் அடங்கியுள்ளது.

முதலிற் பேழையினுள் இருப்பது யாதெனக் காண்போம். யுறேனியம் ஒட்சைட்டினாற் செய்த சிறு வில்லைகளைச் சிர்க்கோனியக் கலப்புலோகக் குழாய்களில் அடுக்கி, அக்குழாய்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து அணு உலையில் வைப்பர். சில ஆண்டுகளில் அவ்வெரிபொருளின் பயன் குன்றிவிடும். விறகு எரிந்தபின் எஞ்சும் சாம்பல் குளிர்ந்துவிடுகின்றது. அணு எரிபொருளின் சாம்பலோ அவ்வாறு எளிதிற் குளிர்வதில்லை. அணுப்பிளவு நின்ற பின்னரும், அதனுட் பிறந்த புதிய மூலகங்களின் கதிர்த்தொழிற்பாடு வெப்பத்தைத் தந்துகொண்டே இருக்கும். அருகில் நிற்பவரின் உயிரைக் குடிக்கவல்ல கதிர்களும் அதிலிருந்து வெளிப்படும். ஆகவே உலையிலிருந்து எடுத்தவுடன் ஏறத்தாழ நாற்பதடி ஆழமான தடாகத்தில் அதனை அமிழ்த்திவைப்பர். அத்தடாகத்து நீர் வெப்பத்தையும் வாங்கும், கதிர்களையும் தடுக்கும்.

அத்தடாகங்கள் நெடுங்காலச் சேமிப்புக்காகக் கட்டப்பட்டவையல்ல. பழைய எரிபொருளை மீளப் பதனிட்டு, எஞ்சிய யுறேனியத்தையும் புளுத்தோனியத்தையும் பிரித்தெடுக்கலாம் என்பதே தொடக்ககால எண்ணம். நியூயோர்க் மாநிலத்து வெஸ்ற் வலி என்னுமிடத்தில் அதற்கென ஒரு தொழிற்சாலை 1966 முதல் 1972 வரை இயங்கி நின்றுபோயிற்று. புளுத்தோனியம் அணுக்குண்டுக்கும் மூலப்பொருளாகும் என்ற அச்சத்தினால், 1976ஆம் ஆண்டிற் சனாதிபதி போர்ட் இத்தொழிலுக்குத் தடங்கலிட்டார். 1977ஆம் ஆண்டிற் சனாதிபதி காட்டர் அதனைக் காலவரையறையின்றி ஒத்திவைத்தார். எரிபொருளை ஏற்பார் இல்லாமையால் தடாகங்கள் நிரம்பலாயின. 1982ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, 1998 சனவரி 31ஆந் திகதிக்குள் மத்திய அரசாங்கம் அவ்வெரிபொருளைப் பொறுப்பேற்கத் தொடங்கும் என வாக்களித்தது. அந்நாள் வரும்வரை என்செய்வது?

அதற்குக் கண்ட வழிதான் உலர் சேமிப்பு. தடாகத்திற் சில ஆண்டுகள் குளிர்ந்த எரிபொருளைத் தடித்த பேழையில் இட்டு, நீரை வடித்து உலர்த்தி, ஈலியம் என்னும் வாயுவை நிரப்பி மூடி, வெட்டவெளியிற் கொங்கிறீற்றுத் தளத்தில் நிறுத்திவைப்பர். இயந்திரமோ மின்சாரமோ வேண்டாது, புறத்தே வீசும் காற்றே அதனைக் குளிர்விக்கும். வேர்ஜீனியா மாநிலத்தில், ஜேம்ஸ் ஆற்றங்கரையிலுள்ள சறி அணு மின் நிலையத்தில், 1986ஆம் ஆண்டில் இம்முறை அமெரிக்காவில் முதன்முதல் நடைமுறைக்கு வந்தது. அங்கு முதலில் நிறுத்தப்பட்ட பேழை ஜெர்மனியில் உருவான வகை. ஓரடிக்கு மேல் தடித்த வார்ப்பிரும்புச் சுவரினுள் 21 எரிபொருட் கட்டுகளைக் கொள்வது.

எரிபொருள் கட்டடத்தை விட்டு வெட்டவெளிக்கு வந்தவுடன், அது வானத்தின் ஆட்சிக்குள் வந்தது. இதனை முன்னுணர்ந்த அணுசக்தி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு, 1980 நவம்பரில் வெளியிட்ட விதிகளில், இத்தகைய சேமிப்பிடங்கள் நிலநடுக்கம், சுழற்காற்று, மின்னல், சூறாவளி, வெள்ளம், ஆழிப்பேரலை ஆகியவற்றைத் தாங்குமாறு அமைதல் வேண்டும் எனக் கட்டளையிட்டிருந்தது. இவற்றுள் அமெரிக்க நாட்டுக்குத் தனிப்பெருங் கொடையாக இயற்கை வழங்கியிருப்பது ரொனேடோ எனப்படும் சுழற்காற்று. இடிமுகிலிலிருந்து தும்பிக்கைபோல் இறங்கி, சில நிமிடங்களில் ஓர் ஊரைத் துடைத்துவிட்டுச் செல்வது அது. அதன் வலிமையை அளந்தாலன்றி அதனைத் தாங்கும் பேழையை அமைத்தல் இயலாது. அளப்பதோ எளிதன்று, அதன் வழியில் அகப்பட்ட காற்றுமானிகள் பெரும்பாலும் உடைந்துபோயின.

அளக்கும் வழியைக் காட்டியவர் யப்பானியரான தெத்சுயா புஜித்தா. 1945ஆம் ஆண்டில் அவர் கொக்குரா நகரின் அருகே ஒரு கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். அவ்வாண்டு ஓகஸ்ட் 9ஆந் திகதி அமெரிக்க விமானம் அணுக்குண்டுடன் வந்தது கொக்குராவுக்கே. முகிலும் புகையும் நகரை மூடியிருந்தமையால், விமானம் திரும்பிச் சென்று நாகசாகியிற் குண்டை வீழ்த்திற்று. வானிலையினால் உயிர் தப்பிய புஜித்தா, பின்னர் நாகசாகிக்கும் ஹிரோஷிமாவுக்கும் சென்று, மரங்கள் சாய்ந்த திசையையும் பொருள்கள் கருகிய பாங்கையும் ஆராய்ந்து, குண்டு வெடித்த உயரத்தைக் கணித்தார். சேதத்தைப் படித்துச் சக்தியை அறியும் இக்கலையையே அவர் 1953ஆம் ஆண்டிற் சிக்காகோப் பல்கலைக்கழகம் சேர்ந்தபின் சுழற்காற்றின்மீது பிரயோகித்தார். வீடுகளும் மரங்களும் சிதைந்த அளவைக்கொண்டு காற்றின் வேகத்தை மதிப்பிடும் அவருடைய அளவுகோல் 1971இல் வெளிவந்தது.

1974 ஏப்ரல் 3ஆம், 4ஆம் திகதிகளில் 148 சுழற்காற்றுகள் பதின்மூன்று மாநிலங்களைத் தாக்கின. முந்நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். புஜித்தாவும் அவர் குழுவினரும் அவற்றின் சுவடுகளை விமானத்திலிருந்து பார்வையிட்டுப் படமாக வரைந்தனர். அதே மாதத்தில், அப்பேரழிவுக்கு முன்னரே தயாராகிவந்த ஒரு வழிகாட்டி அணுசக்தி ஆணைக்குழுவினால் வெளியிடப்பட்டது. அதன்படி, மிக ஆபத்தான பிரதேசத்தில் அமையும் அணு நிலையம் மணிக்கு 360 மைல் வேகமுள்ள சுழற்காற்றைத் தாங்கல் வேண்டும். அறியாமையுள்ள இடத்தில் அளவைக் கூட்டிவைத்தலே அறிவுடைமை என்பது அன்றைய பொறியியலாளர் கொள்கை. பின்னர், தளர்வாகக் கட்டப்பட்ட வீடுகள் குறைந்த வேகத்திலும் தரைமட்டமாகும் என்பது தெளிவாயிற்று. 2007ஆம் ஆண்டில் அவ்வழிகாட்டி திருத்தப்பட்டு, உச்ச அளவு மணிக்கு 230 மைல் என வகுக்கப்பட்டது.

காற்றிலும் கொடியது காற்று ஏந்திவரும் பொருள். ஆகவே 2007ஆம் ஆண்டு வழிகாட்டி மூன்று எறிபொருள்களைக் குறிப்பிடுகின்றது: 4,000 இறாத்தல் எடையுள்ள மோட்டார் வண்டி, பதினைந்தடி நீளமும் 287 இறாத்தல் எடையுமுள்ள உருக்குக் குழாய், ஓரங்குல உருக்குக் குண்டு. முன்னைய இரண்டும், அதிகூடிய ஆபத்துள்ள பிரதேசத்தில், செக்கனுக்கு 135 அடி வேகத்தில் வந்து மோதுவதாகக் கொள்ளல் வேண்டும். மோட்டார் வண்டி கட்டமைப்பை நசுக்கும் வலிமைக்கும், குழாய் துளைத்துச் செல்லும் வலிமைக்கும், குண்டு சிறு துவாரங்களினூடே புகும் இயல்புக்கும் சோதனையாகும். தளத்தில் நிற்கும் பேழை இவற்றையெல்லாம் தாங்கவல்லதென முன்னரே கணக்கிட்டு நிறுவப்படுகின்றது. அது கவிழாது என்று கண்ட பின்னரும், கவிழ்ந்தால் யாது நேரும் என்பதையும் கணித்தே அனுமதி வழங்குவர்.

இனி, பேழை தளத்துக்கு வந்துசேரும் முன்னர் நிகழ்வதைக் காணல் வேண்டும். பிற்காலத்திற் பெருவழக்காகிய பேழைகள் இரு பகுதியுடையன. எரிபொருளைக் கொண்ட உட்கலம் ஓரங்குலத்துக்கும் குறைந்த தடிப்புள்ள துருவேறா உருக்கினாலானது. எறிபொருள்களை எதிர்கொள்ளும் கவசம், தளத்தில் நிற்கும் தடித்த கொங்கிறீற்றுக் கூடு. தடாகத்திலிருந்து எடுத்த உட்கலத்தை ஒரு மாற்றுக்கூட்டில் வைத்துக் கொண்டுவந்து, பின் கொங்கிறீற்றுக் கூட்டினுள் இறக்குவர். சில வகைகளில் தளத்திலேயே கிடையாகத் தள்ளிச் செருகுவர். அவ்வேளையில் ஒரு கூட்டின் கதவும் மற்றொரு கூட்டின் வாயும் திறந்திருக்கும். நிலையான கவசத்தை இன்னும் அடையாத அந்தச் சில மணிநேரமே பேழையின் வாழ்நாளில் மிக மென்மையான காலம்.

அம்மென்மையான காலத்துக்குக் காவலாக அமைந்தது உருக்கன்று, வானிலை முன்னறிவித்தலே. அதற்கும் ஒரு வரலாறு உண்டு. மக்கள் பீதியுறுவர் என்று கருதி, ‘ரொனேடோ’ என்ற சொல்லையே முன்னறிவித்தலில் வழங்காதவாறு அமெரிக்க வானிலைத் திணைக்களம் நெடுங்காலம் தவிர்த்துவந்தது. 1948 மார்ச் 20ஆந் திகதி ஒக்லகோமாவிலுள்ள ரிங்கர் விமானப்படைத் தளத்தை ஒரு சுழற்காற்று தாக்கிப் பல விமானங்களை அழித்தது. ஐந்து நாட்களின் பின், அதே வானிலைக் கோலம் மீண்டும் தோன்றுவதைப் போபுஷ், மில்லர் என்னும் இரு அதிகாரிகள் கண்டு, அன்று மாலை சுழற்காற்று வரக்கூடும் என அறிவித்தனர். நகர்த்தக்கூடிய விமானங்கள் கொட்டகைகளுட் சேர்க்கப்பட்டன. மாலையிற் சுழற்காற்று வந்தே விட்டது. ஆயினும் எவரும் காயமுறவில்லை. 1950ஆம் ஆண்டில் வானிலைத் திணைக்களமும் அச்சொல்லுக்கிருந்த தடையை நீக்கிற்று.

இன்று அந்நாட்டில் இருவகை அறிவித்தல்கள் உள. சுழற்காற்று தோன்றுதற்கேற்ற நிலைமை கூடியிருக்கின்றது என்று சில மணிநேரத்துக்கு முன்னர்ச் சொல்வது விழிப்பு அறிவித்தல். சுழற்காற்று கண்ணாலோ றேடாராலோ காணப்பட்டுவிட்டது என்று சொல்வது அபாய அறிவித்தல். பின்னையது வந்தபின் மக்களுக்குக் கிடைக்கும் அவகாசம் சராசரியாகப் பத்து நிமிடத்தை ஒட்டியதே. ஒரு குடும்பம் நிலவறைக்குள் இறங்க அது போதும். பேழையை ஏந்திய சங்கிலிச்சக்கர வண்டியோ மனிதர் நடக்கும் வேகத்திலும் குறைந்த வேகத்தில் ஊர்வது. பாரந்தூக்கியில் தொங்கும் உட்கலத்தைப் பத்து நிமிடத்திற் பத்திரமாக வைத்துவிட்டு அகலுதலும் எல்லாக் கட்டத்திலும் ஆகாது. ஆதலின் அபாய அறிவித்தலை நம்பிப் பேழையைக் கையாளல் இயலாது. விழிப்பு அறிவித்தலுக்கும் முந்திய முன்னறிவித்தலையே நம்புதல் வேண்டும். இவ்விதிகளின் உயிர்நிலை இதுவே: புயல் வந்தபின் செய்யவேண்டியதைக் காட்டிலும், புயல் வருமுன் தொடங்காதிருத்தலே முதன்மையானது.

நிலையத்துக்கு நிலையமும், பேழையின் வகைக்கு வகையும் விதிகள் வேறுபடும். எனினும் அவற்றின் பொதுப் போக்கு ஒன்றே. வேலை தொடங்குமுன் அது முடியுமளவுமான வானிலை முன்னறிவித்தலைப் பெறல் வேண்டும். கடும்புயல் எதிர்பார்க்கப்படின் பேழையை வெளியே கொணர்தல் ஆகாது. செல்லும் வழியை முன்னரே நடந்து பார்த்து, காற்று ஏந்தக்கூடிய பொருள்களை அகற்றல் வேண்டும். பேழையை வேண்டிய அளவுக்கு மேல் உயர்த்துதல் கூடாது. பரவலாக வழங்கிய ஒரு வகைக்கு இவ்வெல்லை 11 அங்குலமென விதிக்கப்பட்டிருந்தது. தீப்பற்றினும் நெடுநேரம் எரியாவண்ணம், அவ்வகைப் பேழையைச் சுமக்கும் வண்டியில் 50 கலனுக்கு மேல் எரியெண்ணெய் இருத்தலாகாது. கடுங்குளிரில் உருக்கு நொறுங்குந் தன்மை அடைதலால், வெப்பநிலை குறிப்பிட்ட அளவுக்குத் தாழ்ந்தால் தூக்கும் வேலை நிறுத்தப்படும். புயல் கடந்தபின், பேழையின் காற்றுவாயில்களைப் பனியோ குப்பையோ அடைத்துள்ளதா எனச் சோதித்தல் வேண்டும். அவை அடைபட்டால் உள்ளேயுள்ள வெப்பம் வெளியேறாது.

வேலையை நிறுத்துதலும் நினைத்த மாத்திரத்திற் செய்யத்தக்கதன்று. எரிபொருளை இட்ட உட்கலத்தில் நீர் இருக்கும்போது அந்நீர் படிப்படியாகச் சூடேறும். அது கொதிக்குமுன் அடுத்த வேலையை முடித்தல் வேண்டும் என்ற காலவரையறையும் உண்டு. எனவே, எக்கட்டத்தில் எங்கு நிறுத்தினால் பேழை பத்திரமாக இருக்கும் என்பது வேலை தொடங்குமுன்னரே எழுதிவைக்கப்படுகின்றது. நடுவழியில் வானம் இருண்டால், முன்னேறுவதா பின்வாங்குவதா என்று அப்போது கூடி ஆலோசிக்க இடமில்லை.

இவ்வெச்சரிக்கைகள் வீண் அச்சத்தினால் எழுந்தவையல்ல என்பதைப் பல புயல்கள் காட்டின. 1992 ஓகஸ்ட் 24ஆந் திகதி அன்ட்றூ என்னும் சூறாவளி புளோரிடாவின் ரேர்க்கிப் பொயின்ற் நிலையத்தின் மேலாகச் சென்றது. சூறாவளி கரைசேருமுன்னரே அணு உலைகள் நிறுத்தப்பட்டன. எறிபொருளாகக்கூடியவை முன்னதாகவே அகற்றப்பட்டன. எனினும் வெளி மின்சாரம் ஐந்து நாட்களுக்கு மேல் வரவில்லை. உயர்ந்த நீர்த்தாங்கி ஒன்று தீயணைப்பு நீரமைப்பின்மீது சரிந்து வீழ்ந்தது. 1998 யூன் 24ஆந் திகதி ஒகையோ மாநிலத்து டேவிஸ்-பெஸி நிலையத்தைச் சுழற்காற்று தாக்கி, அதன் வெளி மின்தொடர்பை அறுத்தது.

2011 ஏப்ரல் 16ஆந் திகதி, உலர் பேழையின் முதல் இருப்பிடமாகிய சறி நிலையத்துக்கே சுழற்காற்று வந்தது. மின்மாற்று முற்றம் சிதைந்தது. இரு அணு உலைகளும் தாமாக நின்றன. டீசல் மின்பிறப்பாக்கிகள் உடனே இயங்கலாயின. தளத்தில் நின்ற பேழைகளுக்குத் தீங்கு நேரவில்லை. பதினொரு நாட்களின் பின், அலபாமாவின் பிறவுண்ஸ் பெரி நிலையம் சுழற்காற்றினால் மின்கம்பிகளை இழந்து, அதன் மூன்று அணு உலைகளும் நின்றன. 2020 ஓகஸ்ட் 10ஆந் திகதி அயோவாவிலுள்ள டுவேன் ஆணல்ட் நிலையத்தை வேறொரு வகைக் காற்று தாக்கிற்று. சுழலாது, நூற்றுக்கணக்கான மைல் நீளத்துக்கு நேராக வீசிய பெருங்காற்று அது. குளிர்விக்குங் கோபுரங்கள் சிதைந்தன. அவ்வாண்டு இறுதியில் மூடப்படவிருந்த அணு உலை, குறித்த நாளுக்கு முன்னரே ஓய்வுபெற்றது. நிற்கும் பேழையின் உறுதியைப் பற்றிய கணக்கு இந்நிகழ்ச்சிகளிற் பொய்க்கவில்லை.

நகரும் பேழையைப் பற்றிய கணக்கோ அத்துணை முழுமையாக இருக்கவில்லை. சில மணிநேர வேலைக்குள் அதே இடத்தைச் சுழற்காற்று தாக்குதல் அரிதினும் அரிது. வானிலையைப் பார்த்தே வேலை செய்கின்றோம். ஆதலின் தனிக் கணக்கு வேண்டாம் என்ற எண்ணம் பல நிலையங்களில் நிலவியது. விதியின் வாசகமோ அவ்வாறு விலக்களிக்கவில்லை. சுழற்காற்றையும் அதன் எறிபொருளையும் நகர்த்தும் வேளையிலும் தாங்கும் என்று சில நிலையங்கள் நிறுவியிருக்கவில்லை என்பதை ஆணைக்குழு 2022ஆம் ஆண்டில் வெளிப்படையாக எடுத்துரைத்தது. வானிலையை நோக்கி நடத்தல் முதலிய ஈடுசெய்யும் ஏற்பாடுகளைக் கைக்கொள்வோர்க்கு, குறையைத் திருத்திக்கொள்ள அது அவகாசமும் அளித்தது. முப்பத்தாறு ஆண்டுகள் பெருந்தீங்கின்றிக் கழிந்தமை, கணக்கு முடிந்துவிட்டது என்பதற்குச் சான்றாகாது என்பதை அன்று பலரும் உணர்ந்தனர்.

இவ்வுணர்ச்சி இன்று முன்னிலும் இன்றியமையாததாகும். 1998 சனவரி 31 வந்து போயிற்று. மத்திய அரசாங்கம் எரிபொருளைப் பொறுப்பேற்கவில்லை. நெவாடா மாநிலத்து யக்கா மலையில் அதனைப் புதைக்கும் திட்டமும் பணமின்றி நின்றது. வாக்குத் தவறியமைக்காக மின்சார நிறுவனங்களுக்கு அரசாங்கம் செலுத்திய இழப்பீடு ஆயிரங்கோடி டொலரைக் கடந்தது. சறி நிலையத்துச் சேமிப்பிடத்துக்கு முதலில் வழங்கிய அனுமதி இருபது ஆண்டுக்கே. பின்னர் அது 2046 வரை நீட்டப்பட்டது. அந்நாடெங்கும் ஏறத்தாழ 90,000 தொன் எரிபொருள் தடாகங்களிலும் பேழைகளிலும் காத்திருக்கின்றது. அவற்றுட் பேழையில் இன்னும் இடப்படாதவை ஒருநாள் இடப்படல் வேண்டும். பேழையில் இருப்பவையும் ஒருநாள் இறுதி இருப்பிடத்துக்கு எடுத்துச் செல்லப்படல் வேண்டும். அந்த ஒவ்வொரு நகர்வின்போதும், வானம் தெளிந்திருக்கின்றதா என்ற பழைய வினா மீண்டும் எழும்.

அவ்வினாவை அன்று கேட்கப்போகின்றவர் இன்று பள்ளியிற் பயிலும் சிறுவராயிருக்கலாம், இன்னும் பிறவாதவராயுமிருக்கலாம். அவர் கையில் முன்னோர் கொடுத்துச்செல்லக்கூடியவை இரண்டு: உறுதியான பேழை ஒன்று, அதனை எப்போது தொடலாகாது என்று கூறும் விதி மற்றொன்று. பேழையைத் தொழிற்சாலை ஆக்கித் தந்துவிடும். விதியைக் காப்பதற்கோ, ஒருநாட் கூலியும் ஒருநாட் பொழுதும் வீணாயினும் முகில் கலையும்வரை காத்திருப்போம் என்னும் மனவுறுதி வேண்டும். அம்மனவுறுதியைத் தலைமுறை தலைமுறையாகக் கற்பித்து வருதல், பேழை செய்வோரின் கடமையிலும் சிறியதாகாது.